பரிசோதித்த ரத்தம்தானே ஏற்றுகிறோம், பிறகு ஏன் ஹெபடைடிஸ் பரிசோதனை?

கடுமையான தலசீமியா (பிறவியிலேயே ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத நோய்) உள்ளவர்களுக்கு 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பத்து வருடத்தில் நூறு பைகளைத் தாண்டிவிடும். ஒரு பையில் ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) வரும் ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் அது பைக்குப் பை கூடிக்கொண்டே போகிறது.

கிருமி தொற்றிய புதிதில் பரிசோதனை அதைப் பிடிக்காது. ஹெபடைடிஸ் சி-க்கு எதிர்ப்பொருள் (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பொருள்) தெரிய சுமார் இரண்டு மாதம் ஆகலாம். அந்த இடைவெளியில் ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு 'இல்லை' என்றே வரும். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனை இதைச் சில நாட்களாகச் சுருக்குகிறது, முழுதாக மூடுவதில்லை. உங்கள் ரத்த வங்கியில் நாட் செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. கடைசித் தவணை முடிந்து 1–2 மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும். ஊசி போட்ட சில நாட்களில் பரிசோதித்தால் தொற்று இருப்பதுபோலத் தவறாகக் காட்டலாம், பதறாதீர்கள்.

சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் 8–12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. சில சிகிச்சைகளில் சேர்க்கும் ரிபாவிரின் என்ற மருந்து சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தத் தேவை கூடும். அது இல்லாத மருந்தே இவர்களுக்கு நல்லது. குணமான பிறகும் எதிர்ப்பொருள் 'உண்டு' என்றே காட்டும், ஆகவே வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று: ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) உயர்ந்தால், அடிக்கடி ரத்தம் ஏற்றியதில் இரும்புச்சத்து தேங்கியதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். இரும்பும் வைரஸும் சேர்ந்தால் கல்லீரல் வேகமாகத் தழும்பேறும்.