தோற்ற ஆட்டத்தின் தாள்

கேள்வி: டீச்சர், என் மகன் தமிழ்ப்பள்ளியில் 5ஆம் ஆண்டு படிக்கிறான். மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஒரு கோட்டை கூடுதலாக இருந்தும் தோற்றுவிட்டான். ஜெயித்திருந்தால் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பான். காடியில் வரும்போது அவன் அப்பா வீடு வரை ஏசிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். என்ன செய்வது? ஆடும்போது ஒவ்வொரு நகர்வாக அவன் எழுதிய ஆட்டத் தாளின் நகலை அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாளைத்தான் முதலில் பார்த்தேன், தங்கச்சி. 25ஆவது நகர்வு வரை அச்சடித்த மாதிரி எழுத்து. 26இல் எதிராளியின் கோட்டையை வெட்டுகிறான். அதற்கப்புறம் எழுத்து கோணலாகிக் கட்டத்துக்கு வெளியே ஓடுகிறது. ஜெயித்தாகிவிட்டது என்று மனம் எழுந்துபோன இடம் அது. அவன் ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நிற்க, எதிராளியிடம் மிச்சமிருந்த கோட்டை கடைசி வரிசையில் இறங்கியதும் செக்மேட். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ராஜாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். ஆட்டம் தெரியாமல் அவன் தோற்கவில்லை, அவசரத்தில் தோற்றிருக்கிறான்.

ஆனால் இதை நீங்கள் இப்போது அவனிடம் சொல்ல வேண்டாம். நான் அந்தத் தவறைச் செய்தவள். ஈப்போவில் ஒரு போட்டி முடிந்து திரும்பும் வேனில், தோற்ற மாணவி ஒருத்தியிடம் சிம்மோர் தாண்டும் வரை அவள் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கையில் மைலோ பெட்டி, உறிஞ்சுகுழாய்கூடப் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் முதல் வேலை அவன் அப்பாவுக்கு. "அன்னைக்கு நான் அப்படி ஏசியிருக்கக் கூடாதுய்யா" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும். நீங்களும் "விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம். அழுதால் அழட்டும்.

இந்தியச் சதுரங்க வீரர் குகேஷை அவனுக்குத் தெரிந்திருக்கும். உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் 7ஆவது சுற்றில், நேரம் நெருக்க, அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். அப்போது வயது 17. மறுநாள் ஓய்வு நாள். அடுத்த சுற்றில் விதித் குஜராத்தியை வென்றார். முடிவில் 14க்கு 9 புள்ளி எடுத்துப் போட்டியையே ஜெயித்தார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இது தன்னுடைய நேரமாக இருக்கலாம் என்று தோன்றியதாக அவரே பின்னால் சொன்னார். நடுவில் கிடைத்த அந்த ஒரு நாளைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். உங்கள் பையனுக்கு அது காடியிலேயே பறிபோய்விட்டது.

அதைத் திருப்பிக் கொடுங்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை, அப்பா தோட்டத்து வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, தாளைப் பார்த்து அவனையே காய்களை நகர்த்தச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் சரி. "இங்க நீ என்ன நினைச்சே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். 26 வந்ததும் பையனே நிறுத்துவான்.

அப்புறம் ஒரு பழக்கம். காயை வெட்டிய உடனே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதிராளி என்ன செய்யப் பார்க்கிறான் என்று கண்டுபிடித்த பிறகுதான் கை வெளியே வர வேண்டும். என் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவியது.

அடுத்த ஆட்டத் தாளையும் அனுப்புங்கள். தோற்றதாக இருந்தாலும் சரி, உட்கார்ந்து பார்க்கிறேன்.