அம்மாவுக்கு மறுபடியும் ஏன் வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்த மறுநாள் நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, 'டகோட்சுபோ' (அடைப்பில்லாமலே இதயத்தசை தற்காலிகமாகத் தளரும் நோய்) என்றார்கள். இரண்டு மாதத்தில் சரியானது. போன மாதம் வீசிங் அதிகமாகி, நெபுலைசர் வைத்த இரவில் மறுபடியும் அதே வலி, அதே முடிவு. இம்முறை வீட்டில் துக்கம் எதுவும் இல்லையே? இனி வலி வந்தால், அடைப்புதான் இல்லையே என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கூடவே கூடாது. அடைப்பால் வரும் மாரடைப்புக்கும் இதற்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்; இதயத்தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் இரண்டிலும் ஏறும். இரண்டு முறை அடைப்பில்லை என்பதால் மூன்றாம் முறையும் இருக்காது என்று சொல்ல முடியாது. வலி வந்தால் 108-ஐ அழையுங்கள். புதுச்சேரிக்கே போய்விடலாம் என்று சொந்தக் காரில் கிளம்பாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் அதைச் சீராக்கும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ஆஞ்சியோ சி.டி. எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெரு என்றால் போனிலும் படமெடுத்து வையுங்கள்.

துக்கம் மட்டுமே இதைக் கொண்டுவரும் என்பது தவறான எண்ணம். டகோட்சுபோ என்பது 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர். ஆக்டோபஸ், அதாவது நம் கடலோரத்துப் பேய்க்கணவாயைப் பிடிக்க அங்கே பயன்படுத்தும் குறுகிய கழுத்துப் பானைதான் டகோட்சுபோ. இதயத்தின் நுனி சுருங்காமல் உப்பி நிற்க, மேல்பகுதி மட்டும் வேகமாகச் சுருங்கும்போது அந்த வடிவம் வருகிறது. அதிர்ச்சியில் உடலில் திடீரென்று பெருகும் அட்ரினலின் என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 2015-ல் வெளியான 1,750 நோயாளிகளின் சர்வதேசப் பதிவேட்டில் உடல் சார்ந்த தூண்டுதல் 36 சதவீதம், மனம் சார்ந்தது 27.7 சதவீதம். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மறுபடி வருவது ஆண்டுக்கு 100 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு.

உங்கள் அம்மாவுக்கு இம்முறை வீசிங்கே தூண்டுதலாக இருந்திருக்கும். மூச்சுக்குத் திணறுவதே உடலுக்குப் பெரிய அதிர்ச்சி. அதன்மேல் நெபுலைசரில் போகும் சால்புட்டமால் அட்ரினலின் போலவே வேலை செய்யும் மருந்து. அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினால் வீசிங் முற்றி இன்னும் அதிகமாக நெபுலைசர் வைக்க வேண்டிவரும். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, அவசர மருந்தின் தேவையைக் குறைப்பதுதான் வழி. மருந்தின் அளவை நெஞ்சக மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசி முடிவுசெய்யட்டும்.

மறுபடி வராமல் தடுக்கும் என்று உறுதியான மாத்திரை இன்னும் இல்லை. அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும்போதே திரும்ப வந்தவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அதில் சில வகை ஆபத்தும்கூட. இரண்டாம் முறை என்பதால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். தலைவலி, வியர்வை, படபடப்போடு பி.பி. திடீர் திடீரென்று ஏறுமானால், அட்ரினலினைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மெட்டாநெஃப்ரின் பரிசோதனையும் அவசியம். சளிக்குக் கடையில் தரும் ஃபினைலெஃப்ரின் கலந்த மாத்திரை வேண்டாம்; அதுவும் அட்ரினலின் போல வேலை செய்வதுதான்.

நாலு முதல் ஆறு வாரத்தில் எக்கோ எடுங்கள். இதயத்தின் நுனி அசையாத நாட்களில் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்திருந்தால், எக்கோ பார்த்து மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று: இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் வீசிங் போலவே சத்தம் வரும். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் குறைந்தால், கால் வீங்கியிருந்தால், மறுபடி மறுபடி நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.