35 நியூட்ரான் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், காப்பர்-65 அணுவிலிருந்து உருவான 2+ அயனியில் உள்ள துகள்களைக் கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். 29 புரோட்டான், 35 நியூட்ரான், 31 எலக்ட்ரான் என்று எழுதியிருக்கிறாள். பின்னவை இரண்டும் தவறாம். தனிம வரிசை அட்டவணையில் காப்பருக்கு உள்ள அணு நிறை 63.55ஐ 64 ஆக்கி, அதிலிருந்து 29ஐக் கழித்ததில் என்ன பிழை?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எலக்ட்ரானை முதலில் முடித்துவிடலாம். கூட்டல் குறியைக் கண்டதும் உங்கள் மகளின் கை தானாகக் கூட்டியிருக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பதே அயனியின் மின்சுமை. எனவே 2+ என்றால் இரண்டு எலக்ட்ரான்கள் போய்விட்டன, மீதி 27. குளோரைடு அயனியில் இதுவே தலைகீழாகி, 17 புரோட்டான்களுக்கு 18 எலக்ட்ரான்கள் இருக்கும்.

நியூட்ரான் கணக்கில் நடந்த பிழை இன்னும் சுவையானது. 63.55 என்பது எந்தவொரு காப்பர் அணுவின் நிறையும் அன்று. இயற்கையில் கிடைக்கும் காப்பரில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 அணுக்கள் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) 63 கொண்டவை, ஏனைய 31 அணுக்கள் நிறை எண் 65 கொண்டவை; இவ்விரண்டின் கலப்பு விகிதத்தைக் கணக்கிற்கொண்டு எடுத்த சராசரிதான் அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. அதை 64 ஆக்கும்போது, கலவையில் இல்லாத ஓர் அணுவை நாமே உண்டாக்கிவிடுகிறோம். காப்பர்-64 என்ற ஐசோடோப்பு (அதே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபட்ட வகை) உண்டுதான். ஆனால் அது செயற்கையாக உருவாக்கப்படும் கதிரியக்க அணு, சுமார் 12.7 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உங்கள் மகள் எழுதிய 35 நியூட்ரான் அந்த அணுவுக்கே பொருந்தும். வினாவில் நிறை எண் 65 என்று தரப்பட்டிருப்பதால், 65இலிருந்து 29ஐக் கழித்து 36 என்பதே சரியான விடை.

இப்பழக்கம் சோடியத்தில் தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அட்டவணையில் உள்ள 22.99ஐ 23 என்று கொண்டால் விடை சரியாகவே வரும். காரணம், இயற்கையில் நிலைத்திருக்கும் சோடியம் அந்த ஒரே வகைதான். புரோமினில் அதே வழி கைவிட்டுவிடும்: 79.90ஐ 80 ஆக்கத் தோன்றும், ஆனால் இயற்கையில் இருப்பவை ஏறக்குறையச் சரிபாதியாக 79, 81 என்னும் இரண்டு மட்டுமே.

அடுத்த முறை அம்மோனியம் அயனியைக் கொடுத்துப் பாருங்கள். நைட்ரஜனுக்கு 7, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, ஆக 11 புரோட்டான்கள். மின்சுமை 1+ என்பதால் எலக்ட்ரான்கள் 10. நியூட்ரான் எத்தனை என்று நீங்கள் கேட்டால், எந்த ஐசோடோப்பு என்று அவள் திருப்பிக் கேட்க வேண்டும்.