டெட்லிஃப்ட் செய்தால் இடுப்பு பிடிக்கிறது, விட்டுவிடலாமா?

விட வேண்டாம் தம்பி. தரையில் கிடக்கும் எடைக்கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் இந்தப் பயிற்சியில் தொடையின் பின்பக்கம், பிட்டம், முதுகு, கைப்பிடி எல்லாம் ஒரே அசைவில் வலுப்படும். தசை வளர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், கம்பியைத் தரையில் வைக்காமல் முழங்காலுக்குக் கீழ்வரை இறக்கி ஏற்றும் ரோமானியன் டெட்லிஃப்டே போதும்.

உங்கள் யாங்கோன் ஜிம்மில் சின்ன இரும்புத் தட்டுகள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். போட்டிகளில் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ.; அதனால் கம்பி தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். சின்னத் தட்டில் அது இன்னும் கீழே போய்விடும். குனிந்து எட்டிப் பிடிக்கும்போதே முதுகு வளைந்துவிடுகிறது, அப்புறம் எடை முழுக்க இடுப்பில்தான்.

தட்டுகளுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எடையைப் பாதியாக்கி, பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ கம்பியைத் தொடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.