ட்ரெய்னிங்குக்கு யாரை அனுப்புவது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அசெம்பிளி லைனில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். லைன் முனையில் யாருக்கு எவ்வளவு வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு மாட்டியிருக்கும், ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் நாலு பாகமாகப் பிரித்த ஒரு வட்டம். என் வட்டத்தில் ரெண்டு பாகம்தான் கறுப்பாகியிருக்கிறது, போன வருடம் சேர்ந்த தம்பிக்கு முழு வட்டமும் நிரம்பிவிட்டது. புதிதாக வந்த ரோபோ செல்லுக்காக (ரோபோக்கள் வேலை செய்யும் பகுதி) எட்டுப் பேரை வெளியூருக்கு 10 நாள் ட்ரெய்னிங் அனுப்பினார்கள், ஒரு பெண்கூட இல்லை. சூப்பர்வைசரைக் கேட்டால் "குழந்தைய விட்டுட்டு நீங்க எப்படிம்மா போவீங்க" என்கிறார். போவாயா என்று என்னை யாரும் கேட்கவே இல்லை. அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்க முடியுமா? சங்கத்தில் "முதல்ல சம்பளம், மத்தது அப்புறம்" என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஓசூர்

பதில்: சேர்க்கலாம் சகோதரி. சேர்த்தே ஆக வேண்டும் என்பேன்.

"அப்புறம்" என்று சொல்லும் தோழர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். இன்று ரோபோ செல்லுக்குப் போன எட்டுப் பேர்தான் நாளைக்கு மேல் கிரேடு கொடுக்கும்போது 'தகுதி உள்ளவர்கள்', பழைய லைனை மூடுகிற அன்று உபரி என்று பட்டியல் போட்டால் அதில் வருவது ரெண்டு பாக வட்டக்காரர்கள். அப்படியிருக்க பயிற்சி வேறு, சம்பளம் வேறு என்று எப்படிப் பிரிப்பது? நவம்பர் 21, 2025 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பு செய்த தொழிலாளிக்காக நிர்வாகம் 15 நாள் சம்பளத்தை அதில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது அவர் கணக்குக்கு வர வேண்டும். நல்லதுதான், ஆனால் அது வேலை போன பிறகு வரும் பணம். வேலையில் இருக்கும்போதே யார் கற்றுக்கொள்வது என்பதை நாம்தான் மேஜையில் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

எழுதி வாங்குவதிலும் கவனம் வேண்டும். நான் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த ஒரு ஒப்பந்தத்தில் "நிர்வாகத்தின் தேவைக்கேற்ப, தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்" என்ற வரிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை நாங்கள் கொண்டுபோன ஒவ்வொரு புகாருக்கும் அந்தத் 'தேவைக்கேற்ப'வையே பதிலாகச் சொன்னார்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அதனால் ஷரத்தில் இதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும்: எந்தப் பயிற்சியாக இருந்தாலும் 15 நாள் முன்னதாகத் தமிழில் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும், விருப்பம் உள்ள யாரும் பெயர் கொடுக்கலாம், இடத்தைவிடப் பெயர் அதிகமானால் சீனியாரிட்டி, ஒருவரை விட்டால் ஏன் என்று எழுத்தில் தர வேண்டும். பயிற்சி நேரம் ஷிஃப்ட் நேரமாகவே கணக்காக வேண்டும், வெளியூர் என்றால் பயணச் செலவும் தங்குமிடமும் நிர்வாகத்துடையது. பிரசவ விடுப்பில் போனவர் திரும்பி வந்ததும் விட்டுப்போன பயிற்சியில் அவருக்கு முதல் இடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் யார் போனார்கள் என்ற பட்டியல் சங்கத்தின் கைக்கு வர வேண்டும், இதை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீனியாரிட்டி மட்டும் போதுமா என்றால், போதாது. பெண்களைப் பிந்தித்தான் வேலைக்கு எடுத்தார்கள் என்றால் பட்டியலின் மேல் பாதி முழுக்க ஆண்களாகத்தானே இருக்கும். இதே சிக்கலுக்கு ஒரு சங்கம் 1974-லேயே ஒப்பந்தத்தில் வழி கண்டிருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் கிராமர்சியில் கைசர் அலுமினிய ஆலை. அங்கே கைத்திறன் வேலையில் இருந்த 273 பேரில் கறுப்பினத்தவர் 5 பேர்தான், அந்த வட்டாரத் தொழிலாளர்களிலோ அவர்கள் 39 சதவீதம். முன் அனுபவம் உள்ளவரைத்தான் எடுப்போம் என்பது ஆலையின் விதி, அந்த அனுபவம் கிடைக்கிற கைத்திறன் சங்கங்களோ கறுப்பினத்தவரை வெகுகாலம் உள்ளேயே விடவில்லை. ஐக்கிய எஃகுத் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்தோடு பேசி, வெளியாள் வேண்டாம், உள்ளே இருக்கிறவருக்கே பயிற்சி கொடு, அதில் பாதி இடம் கறுப்பினத்தவருக்கு என்று ஒப்பந்தம் போட்டது. சீனியாரிட்டியைத் தூக்கி எறியவில்லை, இரண்டு பட்டியலாகப் பிரித்து இரண்டிலும் மேலிருந்து எடுத்தார்கள். முதல் வருடம் போன 13 பேரில் 7 பேர் கறுப்பினத்தவர். தன்னைவிட ஜூனியருக்கு இடம் கிடைத்தது என்று பிரையன் வெபர் என்ற வெள்ளையினத் தொழிலாளி வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1979-ல் 5-க்கு 2 என்று ஒப்பந்தத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இடஒதுக்கீட்டோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. உங்கள் லைனில் 100-க்கு 40 பேர் பெண்கள் என்றால் பத்து இடத்தில் நாலு பெண்கள் பட்டியலில் இருந்து, சீனியாரிட்டிப்படி. அவ்வளவுதான் கோரிக்கை.

முடிந்தவரை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து அப்படிப் போடும் ஒப்பந்தத்தை ஆலைகளில் இன்னும் 12(3) என்றுதான் சொல்கிறோம். அது சங்கத்தில் இல்லாதவர் உட்பட அங்கே வேலை செய்யும் எல்லாத் தொழிலாளரையும் கட்டும், அதிகாரி இல்லாமல் தனியாகப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். போட்ட ஒப்பந்தத்தை அமல்படுத்தாமல் இருப்பது பழைய சட்டத்திலும் புதுச் சட்டத்திலும் நியாயமற்ற தொழில் நடவடிக்கைதான்.

சரி, இந்த வாரமே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். அந்த போர்டை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், ஆணா பெண்ணா, எந்த வருடம் சேர்ந்தார், எத்தனை பாகம் நிரம்பியிருக்கிறது, கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார் என்று. லைனில் உள்ள பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதைக் கோரிக்கைப் பட்டியலோடு இணைத்துச் செயலாளர் கையில் கொடுங்கள்.

கேள்வி: பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ட்ரெய்னிங்குக்கு என் பெயர் வந்திருக்கிறது. முடித்து 2 வருடத்துக்குள் விலகினால் 75,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: பாண்ட் என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவர் போட்டிருந்த 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அதே சமயம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் அனுமதிக்கிறது, பாண்டில் போட்ட தொகை அதன் உச்ச வரம்பு மட்டுமே. ஆகவே பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று எழுத்தில் கேளுங்கள். வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும், நிர்வாகமே வேலையை விட்டு எடுத்தால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுக்காதீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.