சலுகை இல்லை, உரிமை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு, தனியார் பள்ளி. கேட்டால் பாடத்தை அப்படியே ஒப்பிப்பான், எழுதச் சொன்னால் புள்ளி வைக்க மாட்டான், ‘பள்ளி’ என்பது ‘பளளி’ ஆகிவிடும். டிஸ்லெக்சியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பள்ளியில், “பத்தாம் வகுப்பில் எங்கள் ரிசல்ட் கெட்டுப்போகும், டிசி வாங்கிக்கொண்டு ஓபன் ஸ்கூலில் சேருங்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, கரூர்)

பதில்: முதலில், டிசி கேட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். “பெற்றோரே விரும்பி வாங்கினார்கள்” என்று ஆகிவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியா போன்ற எழுதப் படிக்கச் சிரமப்படும் கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16-வது பிரிவு, பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்றபடி சொல்லித்தர வேண்டும் என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் இது பொருந்தும், அதனால் ‘நாங்கள் தனியார்’ என்ற பேச்சு எடுபடாது. உங்கள் மகனின் விடைத்தாளில் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டே வந்திருப்பார்களே, கண்டுபிடித்திருக்க வேண்டியவர்களே அவர்கள்தான்!

டாக்டரின் சீட்டு மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் முறைப்படி சான்றிதழ் வாங்குங்கள், எங்கே போவது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். அது கையில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் இந்த வருடமே ஆரம்பித்துவிடுங்கள். விலக்கு வேண்டுமா என்று பையனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சில பிள்ளைகளுக்கு அந்தப் பாடம்தான் பிடித்ததாக இருக்கும். எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். நான் பார்த்த ஒரு பையன் விடையை மடமடவென்று சொல்லிவிட்டான், எழுதியவருக்கு எங்கே பத்தி பிரிப்பது என்றே தெரியவில்லை, பாதி விடை காற்றோடு போயிற்று. வீட்டில் நீங்களே உட்கார்ந்து நாலைந்து தாள் எழுதிப் பழக்குங்கள்.

இதையெல்லாம் ‘சலுகை’ என்றுதான் அரசாணையிலும் எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுவது சலுகையா என்ன? கேட்பதை எழுத்தில் கொடுங்கள், நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் கறாராக இருக்கும் நிர்வாகம் தாளைப் பார்த்ததும் இறங்கி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியும் அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரணையில் சாட்சிகளை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு.

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளுக்குச் சக்கர நாற்காலி. வகுப்பு முதல் மாடியில். தினமும் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். லிஃப்ட் வைக்கக் காசில்லை என்கிறார்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: லிஃப்ட்டை யார் கேட்டது? ஏழாம் வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள்! கீழே இருக்கும் வகுப்பு மேலே போகட்டும், செலவு ஒரு பைசா இல்லை. நாலு பெஞ்சைத் தூக்கி வைக்கும் வேலை. கழிப்பறைக்கு நாற்காலி போகுமா, வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். பிள்ளை தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாளா என்று வீட்டில் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

கேள்வி: எழுதினால் கை இழுத்துக்கொள்கிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்பதால் போட்டித் தேர்வில் எழுத ஆள் கிடையாது என்கிறார்கள். சரியா?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: சரியில்லை. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான கணக்கு. விகாஷ் குமார் என்பவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவருக்கும் உங்களைப் போல எழுதும்போது கை இழுக்கும் பிரச்சினைதான். அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. எழுதச் சிரமம் உண்டு என்று தேர்வு அறிவிப்பில் கேட்கும் படிவத்திலேயே அரசு மருத்துவர்களிடம் சான்று வாங்குங்கள், வேறு தாளில் வாங்கிப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.