லேண்ட் ரோவர் டிஃபென்டரில் டிஸ்கவரியின் டிரான்ஸ்ஃபர் பாக்ஸைப் போடலாமா?

போடலாம், கியர் விகிதத்தைப் பார்த்து. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ். பழைய லேண்ட் ரோவர்களில் இரண்டு வண்டிக்கும் எல்டி230 என்ற மாடல் பாக்ஸ்தான். வெளியே ஒன்றுபோலவே இருக்கும். சாதாரண சாலையில் ஓட்டும் ஹை விகிதம் மட்டும் வேறு: டிஃபென்டரில் பெரும்பாலும் 1.41, டிஸ்கவரியில் 1.22. எண் குறைந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 13 சதவீதம் மெதுவாகச் சுற்றும். சைக்கிளில் பின்னால் சின்னப் பல்சக்கரம் போட்ட மாதிரி: சமதளத்தில் சுகம், மேட்டில் கால் வலிக்கும். பெரிய டயர், நிறையச் சாமான் என்றால் 1.41-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கழற்றியதும், கியர்பாக்ஸின் தண்டு வந்து செருகும் இன்புட் கியரின் உள்பற்களை விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்து கூர்மையாகியிருந்தால், எண்ணெய்த் துளை உள்ள கியராக மாற்றுங்கள்.

டிஸ்கவரி பாக்ஸ் போட்டால், செங்குத்தான ஏற்றத்துக்குப் போடும் லோவில் மலை ஏறாது என்பார்கள். அது தவறு, இரண்டிலும் லோ விகிதம் 3.32 தான்.